பானெட்டில் மூன்று விரல்

எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிற எல்லோரும் ஆள் விட்டுத்தான் கழுவுகிறார்கள். நான் மட்டும் என் வண்டியை நானே கழுவி, நானே பாலிஷ் போட்டு, நானே மேல்காப்பாகச் சீலன்ட் பூசுகிறவள். மலையாள ஊரில் தமிழர் தெருவான எங்கள் வலியசாலையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் ஷெட் போட இடம் கிடையாது. வண்டி வாசலில், தெருவிலேயே நிற்கும். அதனால் என் வேலைக்குப் பார்வையாளர்கள் குறைவில்லை. கோயிலுக்குப் போகிற எதிர்வீட்டு மாமி, "இன்னிக்கும் வண்டிக்கு எண்ணெய் ஸ்நானமா?" என்று கேட்காமல் தாண்ட மாட்டார். "ஆமா மாமி, சீயக்காய்தான் தீந்துபோச்சு" என்பேன். இந்தப் பேச்சு எங்களுக்குள் வருஷக்கணக்காக நடக்கிறது.

வண்டிமேல் எனக்குள்ள பைத்தியம் தெருவுக்கே தெரியும். அந்தப் பைத்தியத்துக்குக் காரணம் பானெட்டில் இருந்த ஒரு சந்தனத் தடம் என்பது மட்டும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் என் கணவர். இன்னொருத்தி என் மகள்.

நான் கார் வாங்குவதில் அப்பாவுக்குச் சம்மதமில்லை. அவர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்தவர். சாகிறவரை பஸ்ஸிலும் நடையிலுமாகவே காலத்தை ஓட்டினார். "பஸ் இல்லாத ஊராட்டி இது? பொம்பளப்பிள்ள வண்டி ஓட்டிட்டு எங்க போகப்போகா?" என்று கேட்டார். எனக்கு விழிஞ்ஞத்தில், துறைமுக வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய் வருவதற்குள் முதுகு விட்டுப்போகும். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தித்தாளை விரித்துவிடுவார். அப்பாவும் மகளும் ஒரே பிடிவாதம் என்று என் கணவர் சிரிப்பார்.

வண்டி வந்த அன்று காலையில், எங்களோடு ஒரே வீட்டில் இருந்த அப்பா யாரும் கூப்பிடாமல் தெருவுக்கு வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனம், ஓரத்தில் கொஞ்சம் குங்குமம். வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மூன்று விரலைச் சந்தனத்தில் தோய்த்து, பானெட்டின் நடுவில் திருநீறு பூசுவதுபோல ஒரு பட்டை இழுத்தார். நடுவில் குங்குமம் வைத்தார். "மெள்ளப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பாவுக்கு வலது கை மோதிர விரல் நிமிராது. கடை ஷட்டர் விழுந்து நசுங்கிய விரல். திருநீறு பூசினாலும் அவர் நெற்றியில் மூன்றாவது கோடு அரைக்கோடாகத்தான் இருக்கும், பாதியில்தான் தொடங்கி மெல்லியதாக ஓடும். பானெட்டிலும் அப்படியே விழுந்தது.

அன்றைக்கே சுசீந்திரம் போய், வழியில் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினோம். வண்டி பகல் முழுக்க வெயிலில் நின்றது. சந்தனத்தைத் துடைக்கவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பிறகு துடைத்தபோது சந்தனம் வந்துவிட்டது, தடம் வரவில்லை. சந்தனப் பொடியில் மஞ்சளும், குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் இருக்கிறது இல்லையா, அது வெயிலில் வெந்து பெயின்டுக்குள் இறங்கிவிட்டிருந்தது. கருநீல வண்டி. நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில், குனிந்து பார்த்தால் மட்டும் இரண்டரைக் கோடும் ஒரு பொட்டும் மங்கலாகத் தெரியும். புது வண்டியாச்சே என்று எனக்கு அப்போது எரிச்சல்கூட வந்தது. காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை வைத்துத் தேய்த்தால் போய்விடும் என்று ஷோரூமில் சொன்னார்கள். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தடத்தின்மேல் நான் யாரையும் கை வைக்க விடவில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். வேண்டாம் என்று சொன்ன வண்டிக்கு அவரே வந்து கொடுத்த சம்மதம் அது. அப்பா என்னோடு கோபமாகவே போய்விட்டார் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறான். என் கையில் அதற்கு மாற்றாக இருந்தது அந்த இரண்டரைக் கோடு ஒன்றுதான்.

காரைக் கழுவ ஆள் வைக்காததும், பாலிஷ் சமாச்சாரங்களை நானே படித்துக்கொண்டதும் இதனால்தான். விழிஞ்ஞத்தில் ஒரு பகல் வண்டியை நிறுத்தினால் போதும், கடல் உப்பும் சிமென்ட் தூசியும் சேர்ந்து ஒரு தோல்போல ஒட்டிக்கொள்ளும். கழுவுகிற ஆள் அதை ஈரத்துணியால் அரக்கித் தேய்ப்பான், தேய்க்கிற தேய்ப்பில் அப்பாவும் போய்விடுவார். நான் வீடியோ பார்த்தும், நாலு டப்பா வாங்கிக் கெடுத்தும் கற்றுக்கொண்டேன்.

பெயின்டின்மேல் கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. காம்பவுண்ட் அதைச் செதுக்கும். பாலிஷ் அதை இழைக்கும். இரண்டிலுமே அந்தப் படலம் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. ஆகவே பாலிஷை வருஷத்துக்கு ஒருமுறை தொட்டால் போதும். வாக்ஸ் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் ஊர் மழைக்கு முன்னால் அது எத்தனை நாள் நிற்கும்? சீலன்ட்தான் தாங்கும். அதையும் நிழலில் வைத்து, மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்தவுடன் சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். அதிகமாகப் பூசினால் அதிகமாகக் காக்கும் என்று நினைப்பவர்கள்தான் பிறகு திட்டுத்திட்டாக வந்துவிட்டது என்று புலம்புவார்கள். எந்த வேலை செய்தாலும் தடத்தின்மேல் முதலில் பெயின்டர்கள் ஒட்டுகிற தாள் டேப்பை ஒட்டிவிடுவேன். அதைச் சுற்றித்தான் என் துணி போகும்.

இதையெல்லாம் என் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அரசு அலுவலகத்தில் வேலை, சாது. எதற்கும் சண்டை போடமாட்டார். பால் பொங்கி வழிந்தாலும், அலுவலகத்தில் யாராவது ஏறி மிதித்தாலும் அவருக்கு ஒரே வார்த்தைதான்: "சாரமில்ல." போகட்டும், பெரிய விஷயமில்லை என்று மலையாளத்தில் சொல்வதை இங்கே நாங்களும் தமிழோடு சேர்த்துக்கொண்டுவிட்டோம். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் நான் இத்தனை வருஷம் சமாதானமாகி வந்திருக்கிறேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால் டாக்டரை மாற்ற மாட்டேன் என்றாள், அதனால் நான் போனேன். பேரன் பிறந்தான். அவளுக்கு நான் எப்போதும் இரண்டாவதுதான். சின்ன வயதிலிருந்தே எதுவானாலும் அப்பாவிடம் சொல்லுவாள், என்னிடம் திட்டு மட்டும் வாங்குவாள். அதில் எனக்கு ஒரு குறை உண்டு, வெளியே சொன்னதில்லை. நான் கிளம்புகிற நேரம் நெருங்கியபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னும் கொஞ்ச நாள் இரும்மா. நீ போனா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

அவள் என்னிடம் அப்படி அழுததே இல்லை. நான் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு, மேனேஜரோடு மல்லுக்கட்டி லீவை நீட்டினேன். மறுபடியும் கிளம்பப் போனபோது மறுபடியும் அழுதாள். மறுபடியும் நீட்டினேன். வேலையே போனாலும் போகட்டும் என்று இருந்தது. இரவில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, கடைசியில் என் பிள்ளைக்கு நான் வேண்டியவளாகிவிட்டேன் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப்போனேன்.

ஊர் திரும்பிய அன்று வண்டி வாசலில் கண்ணாடிபோல் நின்றது. "நீ வருகேன்னு கழுவிப் போட்டேன்" என்றார் கணவர். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் முதலில் பானெட்டைத்தான் தொட்டேன். தடம் இருந்தது. முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அழுக்கில்லாமல் இருப்பதால் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்து, "நீ இல்லாதப்போ உங்காத்துக்காரர் தினம் விடிஞ்சதும் வண்டிக்குச் சந்தனம் வச்சாராக்கும். என்ன பக்தி, என்ன பக்தி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா வைத்த இடத்தில் இவர் தினமும் சந்தனம் வைத்திருக்கிறார், எனக்காக. அன்று அவருக்குப் பிடித்த, தேங்காய் வறுத்து அரைத்த தீயல் குழம்பு வைத்தேன்.

அந்த வாரமே வண்டி முழுக்க சீலன்ட் பூசினேன். கதவுகளிலும் கூரையிலும் அழகாக வந்தது. பானெட்டில் மட்டும் பால் ஊற்றிக் காய்ந்ததுபோல மங்கிவிட்டது. துடைத்தேன், மறுபடியும் பூசினேன், மறுபடியும் அதே மங்கல். என் கையில் தப்பு வராது. அப்படியானால் டப்பாவில்தான் தப்பு. கணவரையும் கூட்டிக்கொண்டு, ஓவர்பிரிட்ஜ் பக்கம் நான் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போய் டப்பாவை மேஜையில் வைத்தேன்.

கடைக்காரர் பானெட்டை வந்து பார்த்தார். விரலால் தடவினார். "சேச்சி, பானெட் ரீபெயின்ட் பண்ணினதாணோ? புது பெயின்டுமேல உடனே சீலன்ட் இடக்கூடாது, அது சுவாசிக்கணும்" என்றார்.

"கம்பெனி பெயின்ட். நான் கண்ணுக்குக் கண்ணா பாக்குற வண்டி. வித்த சரக்கு சரியில்லன்னா அதச் சொல்லுங்க, கதை சொல்லாதீங்க" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஸ்டியரிங் கவர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய், அதெல்லாம் பெயின்ட் அடிக்கல்ல" என்றார், தலை நிமிராமல். பிறகு என் தோளைத் தொட்டு, "விடு, சரக்கு மோசம். வேற வாங்கிக்கிடலாம், சாரமில்ல" என்றார். நான் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து, அந்தக் கடையைப் பற்றி இன்டர்நெட்டில் ஒற்றை ஸ்டார் போட்டு நீளமாக எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தவரும் என் கணவர்தான்.

மழைக்காலம் முடிந்து நவராத்திரி நெருங்கியது. ஆயுத பூஜைக்கு முன் வருஷாந்திர பாலிஷ் போடுவது என் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் தெருவுக்கு இறங்குவதற்கு முன்னால் ஆரம்பித்தேன். கழுவிக் காயவைத்து, தடத்தின்மேல் டேப் ஒட்டிவிட்டு, கதவுகளை முதலில் எடுத்துக்கொண்டேன். துணியில் சாம்பல் நிறத்தில் லேசாக அழுக்கு வந்தது, அவ்வளவுதான். அது எப்போதும் வருவது. பிறகு பானெட்டுக்கு வந்து, பாலிஷை இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன். துணியைத் திருப்பினேன்.

துணி நீலமாக இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. புதுத் துணி எடுத்து இன்னொரு இடத்தில் தேய்த்தேன். அதுவும் நீலம். கிளியர் கோட் உள்ள பெயின்டில் எவ்வளவு தேய்த்தாலும் துணியில் நிறம் வராது, நிறம் அடியில்தான் இருக்கிறது. நிறம் வந்தால் மேலே படலமே இல்லை என்று அர்த்தம். அப்படி அடிப்பது கம்பெனி அல்ல, அவசரத்தில் வேலை முடிக்கிற வர்க்‌ஷாப்.

பானெட்டைத் தூக்கினேன். ஓரத்து ரப்பர் பட்டியில் பொடிப்பொடியாக நீலம் தெறித்திருந்தது. பானெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் கடித்த தடம் இருந்தது. இத்தனை மாதம் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தாய் என்று கேட்டால், சொந்த வீட்டு வாசலில் நிற்கிற வண்டியின் போல்ட்டை யார் போய்ச் சோதிப்பார்கள்? பானெட்டை மூடினேன். டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தேன். வெயில் அப்போதுதான் தெருமுனையில் சாய்ந்து விழுந்திருந்தது. கன்னத்தைப் பானெட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தேன்.

மூன்று கோடு. மூன்றும் முழுக்கோடு. மூன்றாவது கோடும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, தடியாக, நேராக ஓடியது. தினமும் தொட்டு ஒற்றிக்கொண்டவள், கோடு கோடாகக் குனிந்து பார்த்ததில்லை.

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் டீயோடு வந்தார். எப்போதும்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பானெட்ல இருக்க பட்டை ஆரு வச்சது?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? மாமா வச்சதுல்லா."

"எங்கப்பாவுக்கு மோதிர விரல் நிமிராது."

அவர் டீயை நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை ஒருமுறை விரித்து மடக்கினார். இத்தனை வருஷம் மாமா மாமா என்று கூப்பிட்டு, ஒரே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்த விரலை அவர் பார்த்ததே இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

பிறகு சொன்னார். நான் சென்னையில் இருந்தபோது ஆபீஸ் நண்பர்களோடு பொன்முடிக்குப் போயிருக்கிறார்கள், என் வண்டியில். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் எஸ்டேட் லாரி நின்றிருக்கிறது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டியின் மூக்கு அதன் அடியில் போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. பானெட் மட்டும் மடங்கிவிட்டது.

"அன்னைக்கே ஃபோன்ல சொல்லியிருக்கலாமே."

"பச்சப்பிள்ளையப் பாக்கப் போன எடத்துல நீ கெடந்து அழுவே. எனக்குத் தைரியம் வரல்ல."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்."

"அப்பம் பட்டை வச்சாச்சே" என்றார்.

கரமனைப் பக்கம் ஒரு வர்க்‌ஷாப்பில் வேறு பானெட் மாட்டி நீலம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை எடுக்கும்போது பெயின்டர் ஒரு எச்சரிக்கை சொல்லியிருக்கிறான். "அவன், புது பெயின்டுல ஒரு மாசத்துக்கு சந்தனமோ குங்குமமோ எதுவும் வச்சிராதீங்க சாரே, கறை புடிச்சிரும், பின்ன போகாதுன்னு சொன்னான். அதக் கேட்டதும்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. அதான் வச்சேன்."

தினமும் விடிந்ததும் வைத்திருக்கிறார். வெயிலில் காயவிட்டு, மாலையில் துடைத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் மறுநாளும் அதே இடத்தில் வைத்திருக்கிறார். எதிர்வீட்டு மாமி பார்த்த பக்தி அதுதான். நான் தீயல் வைத்துக் கொண்டாடியதும் அதைத்தான்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? வண்டியை இடித்ததற்கு நான் ஒரு நாள் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். பானெட் போனதற்கு அழுதிருப்பேன், அப்பா இரண்டாவது தடவை போனதுபோல அழுதிருப்பேன். ஆனால் அழவேண்டியதை அழுது முடித்திருப்பேன். இவர் என்னை அழக்கூட விடவில்லை. தன் விரலை எடுத்து என் அப்பாவின் இடத்தில் வைத்துவிட்டு, தினம் காலையில் நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசியது. என்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டார்.

"பழைய பானெட் எங்க?"

"வர்க்‌ஷாப்லயே போட்டுட்டு வந்தேன். ஆக்ரிக்காரன் பழைய இரும்போட கொண்டு போயிருப்பான்."

அப்படியே நனைந்த புடவையோடு கரமனைக்குப் போனேன். வர்க்‌ஷாப் ஆள் தலையைச் சொறிந்தான். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய் எத்தனையோ மாதமாகிறது, இப்போது எங்கே உருக்கினார்களோ என்றான். மூலையில் கிடந்த தகரக் குவியலை நான் விடாமல் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு இருந்தது, வெள்ளை இருந்தது. நீலம் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"வேற ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது."

"சந்தனம் புடிக்க எவ்வளவு நாளாச்சு?"

"லேசுல புடிக்கல்ல. நீ வந்திருவியேன்னு பயம். அதுக்குத்தான் மகள்ட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தெருவில் மாமி யாரோடோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய தேவையும் இல்லை. உள்ளே போய் மகளுக்கு ஃபோன் செய்தேன்.

"வண்டி விஷயம் எனக்குத் தெரிஞ்சிட்டு" என்றேன்.

குழந்தை பின்னால் ஏதோ சத்தம் போட்டது. "அப்பா பாவம்மா" என்றாள். "ரொம்ப பயந்து போயிருந்தாங்க. அம்மா தாங்க மாட்டா, எப்படியாவது கொஞ்ச நாள் பிடிச்சு வைன்னு சொன்னாங்க. உனக்கு விஷமம் ஆகக் கூடாதுன்னுதான்." விஷமம் என்றால் மனவருத்தம். இங்கே பள்ளிக்கூடம் படித்த பிள்ளை, சென்னைக்குப் போயும் அந்த வார்த்தையை விடவில்லை.

"நீ கையப் புடிச்சு அழுதியே."

"அம்மா, அது நிஜமாவும்தான் அழுதேன்."

"எத்தன நாள் நிஜம், எத்தன நாள் பெயின்ட் காய?"

ஃபோனை வைத்துவிட்டேன். என் அப்பாவை எடுத்துக்கொண்டது ஒருவர். இந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரியது என்று எனக்கு அப்போது தோன்றியது. நான் மேனேஜரோடு சண்டை போட்டு வாங்கிய நாள்களை, மடியில் பேரனைப் போட்டுக்கொண்டு பூரித்த இரவுகளை, அப்பாவும் மகளும் ஃபோனில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை காம்பவுண்டை எடுத்து அந்த மூன்று கோட்டையும் தேய்த்தேன். கறை ஆழமாக இறங்கியிருந்தது. துணி நீலமாகிக்கொண்டே வந்தது, கறை போகப் போகப் பெயின்டும் போனது. கடைசியில் அடியில் இருக்கிற சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தபோதுதான் நிறுத்தினேன். மேலே சீலன்ட் பூசி விட்டேன். இப்போது அங்கே ஒரு கை அகலத்துக்கு வெளுத்துக் கிடக்கிறது, தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது. ஓவர்பிரிட்ஜ் கடையைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டு, கணவரை அந்தக் கடைக்குத் தனியாக அனுப்பினேன். இவர் என்ன சொன்னார், கடைக்காரர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று கணவர் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். வண்டிப்பக்கம் போகவா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள தையல் மெஷின் இருக்கு, அதுக்கு வையுங்க" என்றேன்.

"மெள்ள மெள்ள சரியாயிரும். சாரமில்ல" என்றார். அந்த வார்த்தையை என் முன்னால் இனிமேல் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் சொல்வதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூடப் பேசாமல் துடைக்கிறார்.

பேரனுக்குப் பிறந்தநாள் வரப்போகிறது என்று போன வாரம் மகள் கூப்பிட்டாள். குழந்தையின் பேச்சை ஃபோனில் கேட்க வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவ வந்து ஒரு மாசம் இரும்மா. நீ இல்லாம முடியல" என்றாள். அதே குரல். சென்னையில் கையைப் பிடித்துக்கொண்டு அழுத குரல். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கித் தெருவுக்குப் போனேன்.

"அம்மா, கேக்குதா? ஏன் பேசல்ல?"

"இரு" என்றேன்.

முன் பம்பரிலிருந்து தொடங்கி வண்டியை ஒரு சுற்று வந்தேன். ஒவ்வொரு கதவாக விரலால் தடவினேன், ரப்பர் ஓரங்களைக் குனிந்து பார்த்தேன், பின்பக்க டிக்கியைத் திறந்து மூடினேன். எங்கேயும் புதுப் பெயின்ட் இல்லை. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் அவளிடம் வருகிறேன் என்று சொன்னேன்.